கடவுச்சொல் மாற்றியும் தெரியாத பாட்டு ஓடுகிறதா?

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும், நீங்கள் தூங்கும் நேரத்தில் பெயரே கேள்விப்படாத பாடகர்களின் பாட்டு உங்கள் ஸ்பாட்டிஃபை கணக்கில் ஓடுகிறது என்கிறீர்கள். கடவுச்சொல் மட்டும் போதாதுங்க. உள்ளே புகுந்தவர் இன்னும் லாகின் ஆகியே இருக்கலாம். பிரவுசரில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பட்டனை அழுத்துங்கள். அங்கேயே உங்கள் கணக்கோடு இணைந்த வெளி ஆப்களின் பட்டியலும் இருக்கும். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. என்றோ அனுமதி கொடுத்து மறந்துபோன ஆப் வழியாகவும் பாட்டை ஓட்ட முடியும். அடையாளம் தெரியாதது எதுவானாலும் நீக்கிவிடுங்கள்.

உங்கள் ரசனையைக் கெடுப்பது இப்படிப் புகுந்தவர்களின் நோக்கமில்லை. ஒரு பாட்டு 30 வினாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒரு முறை கேட்டதாக, எண்ணப்பட்டுவிடும். திருடிய கணக்குகளில் இப்படி எண்ணிக்கையை ஏற்றி, உழைத்துப் பாடியவர்களுக்குச் சேரவேண்டிய ராயல்டியில் கை வைக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான்.

அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை) போடுங்கள். வேறு தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை வைத்துத்தான் பெரும்பாலும் நுழைகிறார்கள். கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். மாறியிருந்தால், பணம் கட்டிய ரசீதோடு வாடிக்கையாளர் சேவைக்கு உடனே எழுதுங்கள்.