நிலத்தை அடகு வைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கும் உங்கள் மகளைத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கும்படி அவளுடைய பெரியப்பாவும் தாய்மாமனும் வற்புறுத்துவதாகவும், நன்கொடைக்காக நிலத்தை அடகு வைக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் அடகு வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் நன்கொடை வசூலிப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். கணக்கே பிடிக்கவில்லை என்று மகள் சொல்லும்போது யோசனை சொல்பவர்கள் உறவினர்கள், வட்டி கட்டப்போவது நீங்கள்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை உங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை போலும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், கட்டணமும் கடன் வாங்கும் அளவுக்கு இராது. அங்கே பாடத்திட்டத்தின் பகுதியாகவே மூட் கோர்ட் உண்டு. கற்பனை வழக்கொன்றைக் கொடுத்து, எழுத்து வாதுரை தயாரித்து வந்து வாதாடச் சொல்வார்கள். பெரிய போட்டிகளில் ஒரே அணி இரு தரப்புக்கும் தயாராக வேண்டியிருக்கும். நீதிபதி இருக்கையில் இருப்பவர் பாதிப் பேச்சில் நிறுத்தி, "எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி?" என்று கேட்பார். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் அடுக்குமொழி அந்த இடத்தில் செல்லாது. ஒரு வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாகக் காட்டக்கூட, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அச்செடுத்த தாளை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு விடாது. உரிமையியல் வழக்கொன்றையும் குற்றவியல் வழக்கொன்றையும் நேரில் பார்த்து மாணவர்கள் குறிப்பேடு எழுதுவதும் படிப்பில் அடங்கும்.

திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்னும் அகில இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; கட்டணமும் மிக அதிகம் என்பதால், இடம் கிடைத்தாலும் உதவித்தொகை உறுதியாகாமல் சேர்க்காதீர்கள். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன்: பட்டம் பெற்று, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிந்து, மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. கையில் சேமிப்பு ஏதும் இருந்தால் அந்த ஆண்டுகளுக்கென ஒதுக்கி வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், உச்ச நீதிமன்ற இணையதளத்திலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்து, தோற்ற தரப்புக்காக இரண்டு பக்கம் எழுதும்படி மகளிடம் சொல்லுங்கள். மேடை பிடித்து வாசிப்பு பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவள் அப்படியானால் இந்தப் படிப்பும் வேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அவளோடு நேரில் பேசுகிறேன்.