வாழ்த்து அட்டையும் மற்ற அட்டையும்

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் தினம் வருகிறதே என்று வாழ்த்து அட்டை செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை பதினெட்டுப் பேர். சிரிக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தால் கைவேலை சீக்கிரம் படியும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, போனில் தேடிப் பத்து ஜோக்கை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் அட்டையை ஒழுங்காக மடிக்கவில்லை. மடித்த இடமெல்லாம் வெடித்தது. ஒட்டியதெல்லாம் இரண்டு நாளில் சுருண்டது.

அடுத்த வாரம், திறந்தால் கேக் எழும்பி நிற்கிற அட்டை ஒன்றை நானே செய்துகொண்டு போனேன். திறந்தபோது நன்றாகத்தான் நின்றது. மூடினால் கேக் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், அட்டை நாக்கை நீட்டுது" என்றான் ஒருவன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டிப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், "இது என்ன வகுப்பா, கூத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிப்பை விட்டுவிடட்டுமா அக்கா?

ஒரு வாசகி


அன்புள்ள தங்கச்சி,

பதில் மூன்று வாரம் பிந்திவிட்டது. இப்படி வருகிற கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதி மாளாமல்தான் 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைப் படம் வரையச் சொல்லி, கிறிஸ்மஸ் அட்டை அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். கடையில் விற்கிற கிறிஸ்மஸ் அட்டை அப்படி ஒருவருடைய அலுப்பில் பிறந்த சாமான். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், கையால் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு வரும். ஆசிரியர் தினமான ஒக்டோபர் 6க்கு இன்னும் நாளிருக்கிறது.

முதலில் அந்தப் போன் ஜோக்குகளை விட்டுவிடுங்கள். அவை விருந்தாளி மாதிரி வந்து, டீ குடித்துவிட்டுப் போய்விடும். வீட்டு வேலை எதையும் தொடாது. உங்கள் கேக் நீட்டிய நாக்கு அப்படியில்லை. அதற்குள் கணக்கு இருக்கிறது. நீங்கள் ஏ5 தாளை இரண்டாக மடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஒரு பக்கத்தின் அகலம் 105 மில்லிமீற்றர். மடிப்பிலிருந்து 7 சென்றிமீற்றருக்கு இரண்டு வெட்டுப் போட்டு நடுத்துண்டை உள்ளே தள்ளினால், திறந்திருக்கும்போது அது ஒழுங்கான பெட்டி. மூடும்போது அந்தத் துண்டு முன்பக்கமாகப் படுக்கிறது. அப்போது வெட்டின் நீளம் இரட்டிப்பாகி 14 சென்றிமீற்றருக்குப் போகும். பக்கமோ பத்தரைதான். மிச்சம் மூன்றரை சென்றிமீற்றரும் நாக்கு.

அழுவதற்குப் பதில் அடிமட்டத்தை எடுத்து, "எங்கே, நாக்கு எவ்வளவு நீளம், அளந்து பார்ப்போம்" என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர்களே அளந்து, அவர்களே காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். வெட்டு, பக்கத்தின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது; உங்கள் அளவுக்கு நாலரை சென்றிமீற்றரில் நிறுத்தினால் பயமில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அடுத்த சனிக்கிழமை மறந்துபோகும். டீச்சரின் அட்டை நாக்கை நீட்டியதைப் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்வார்கள்.

மடிப்பு வெடிப்பதற்குக் காரணம் நார் ஓட்டம். பிரிஸ்டல் போர்டு என்கிற தடித்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். விறகு பிளக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாரோடு போனால் இணங்கும், குறுக்கே போனால் முறியும். போர்டை மடிக்காமல் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவோடு மடிக்க வேண்டும். என் வகுப்பில் வளையாத பக்கத்துக்குக் கங்காணி பக்கம் என்று பெயர். வளைகிற பக்கம் அம்மாயி பக்கம், கேட்டதெல்லாம் தரும். பெயர் வைத்தது நானில்லை, ஒரு கங்காணியின் மகள்தான். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் அடிமட்டத்தை ஒட்டி ஒரு கோடு அழுத்துங்கள். கோடு போட்ட பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கம் வர வேண்டும். பலர் உள்ளே வைத்து மடிப்பார்கள். மெல்லிய தாளுக்கு அது பரவாயில்லை, போர்டுக்குச் சரிவராது.

சுருளுவது நம்முடைய ஈரத்தால். நார் தண்ணீர் குடித்தால் நீளத்தில் அவ்வளவாக மாறாது, அகலத்தில் ஊதும். ஒரு பக்கம் மட்டும் பசை தடவினால் அந்தப் பக்கம் ஊதி, போர்டு வளையும். பைண்டர் கம்மில் தண்ணீர் கலக்காமல், ஈர்க்கால் தொட்டு ஓரத்தில் மட்டும் வைத்து, இரவு முழுக்க ஏதாவது பாரத்தின் கீழ் வைத்தால் போதும். அவசரப்பட்டு அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு வருஷம் பன்னிரண்டு அட்டையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் பெக்டரியில் ரோலர் போட்ட கொழுந்து மாதிரி முறுக்கிக்கொண்டு, புகையில் நிறமும் அப்படியே. தேயிலைச் சாயம் போட்ட அட்டை என்று சொல்லி அந்த வருஷம் சமாளித்தேன்.

இனி நம் மலைநாட்டுக்கு மட்டும் கிடைத்த ஒரு வரம். "அடுத்த கிழமை வரும்போது ஆளுக்கு ஓர் அட்டை கொண்டுவாருங்கள்" என்று ஒரு முறை சொல்லியனுப்பினேன். பதினைந்து பேர் பழைய பெட்டியை வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஒருவன் மட்டும் ஜாம் போத்தலில், நாலு புல்லோடு, உயிருள்ள அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கொழும்பில் இதைச் சொன்னால் ஜோக் பாதிதான் புரியும். மழைக்காலத்தில் அம்மாமார் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முழு ஜோக். அன்றைக்குப் பாடத்தையே மாற்றிவிட்டேன். போத்தலை வெளிச்சத்தில் வைத்து அது எப்படி நடக்கிறது என்று பார்த்தோம். பின்னாலுள்ள உறிஞ்சியை ஊன்றி, உடம்பை நீட்டி, முன்வாயைப் பதித்து, பின்னதை இழுத்துக்கொள்ளும். நீளும், சுருங்கும், நீளும். இதைத் தாளில் செய்ய முடியுமா?

முடியும். ஒரு சென்றிமீற்றர் அகலத்தில் இரண்டு நீளத் துண்டு வெட்டி, நுனிகளை மூலைமட்டம் மாதிரி ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போனால் ஒரு தாள் வில் கிடைக்கும். ஒரு நுனியை அட்டையின் இடப்பக்கமும் மறுநுனியை வலப்பக்கமும் ஒட்டிவிட்டால், திறந்ததும் அது நீளும். பிள்ளைகள் அதற்குக் கண் ஒட்டினார்கள். ஒருத்தி உள்ளே எழுதிய வாழ்த்து: "டீச்சர், உங்களை விடவே மாட்டேன்." வாழ்த்து அட்டைக்குள் அட்டை! பனியும் மானும் வரைந்த நூறு கார்ட்டுக்கு நான் அதை மாற்றமாட்டேன்.

கடித உறை பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே கடையில் கிடைக்கிற 9க்கு 4 கவரின் அகலம் 102 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் அட்டையோ 105. யாரோ அங்குலத்தில் கவர் செய்ய, யாரோ மில்லிமீற்றரில் தாள் வெட்ட, நடுவில் மாட்டிக்கொண்டது நாம். படம் வரையும் முன்பே ஓரத்தில் 7 மில்லிமீற்றர் வெட்டிவிடுங்கள். வரைந்த பிறகு வெட்டினால் யாராவது ஒருவருடைய தலை போகும். என் முதல் வகுப்பில் பிள்ளையாரின் காது போயிற்று.

சிரிப்பை விடவேண்டாம். ஆனால் ஒரு இடத்தில் அதைத் தொடக்கூடாது, அதை நான் தொட்டிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை ஒட்டிய பூ தலைகீழாக இருந்தது. விளையாட்டாக அதைத் தூக்கிக் காட்டி, "இது வௌவாலுக்கு அனுப்புகிற வாழ்த்தா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. லயத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் அம்மா டீ கொடுத்தார், பிள்ளை காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. அதிலிருந்து என் வகுப்பில் சிரிக்கக் கிடைப்பது என் அட்டையும், பசையும், மழையும்தான். வாரத்துக்கு ஒன்று வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டு போகிறேன். உண்மையைச் சொன்னால், பாதி வாரம் வேண்டுமென்று கெடுக்கத் தேவைப்படுவதில்லை.

கூத்தா என்று கேட்டவரிடம் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மாசியில் காமன் கூத்து ஆடுகிற தோட்டத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை வசவாக எடுக்க நமக்கு என்ன இருக்கிறது? கோமாளி வேஷம் கட்டுகிறவருக்கு மற்ற எல்லாருடைய பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆசிரியரையும் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி, கையில் ஒரு போர்டைக் கொடுத்து, கங்காணி பக்கமா மடிக்கிறார், அம்மாயி பக்கமா மடிக்கிறார் என்று பாருங்கள்.

செய்து முடித்ததும் எனக்கும் ஓர் அட்டை அனுப்புங்கள். எந்த அட்டை என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். நான் கையில் உப்போடுதான் கவரைப் பிரிப்பேன்.

அன்புடன்,
அக்கா