சீன எழுத்தை வாங்கியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் எழுத்து, ஆட்சிமுறை, அறநெறி எல்லாமே சீனத்திலிருந்து சென்றவைதானே? அவற்றைச் சீனப் பண்பாட்டின் நகல்கள் என்று சொல்வதில் என்ன பிழை? நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சென்றவைதான், அதில் ஐயமில்லை. கன்பூசிய நூல்களில் தேர்வு வைத்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொரியா 958இலும் வியட்நாம் 1075இலும் தொடங்கின. சீனா 1905இல் அதைக் கைவிட்ட பிறகும் வியட்நாம் 1919 வரை விடவில்லை. ஹனோய் இலக்கியக் கோயிலில் கல் ஆமைகளின் முதுகில் நிற்கும் 82 கற்பலகைகளில், தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்கள் சீன எழுத்தில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் எழுத்தின் கதையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் நகல் என்ற சொல் நிற்பதில்லை.

சீனச் சொற்கள் விகுதி ஏற்பதில்லை. ஜப்பானியமும் கொரியமும் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைத்து, ஒட்டுகளை அடுக்கிக்கொண்டே போகும் மொழிகள். அவற்றின் உருபுகளையும் விகுதிகளையும் எழுதச் சீனத்தில் எழுத்தே கிடையாது. ஆகவே ஜப்பானியர், அமைதி என்று பொருள்படும் 'அன்' என்ற எழுத்தை எடுத்து, பொருளை உதறிவிட்டு 'அ' என்ற ஒலிக்கு மட்டும் எழுதினார்கள். தூரிகை விரைய விரைய அது நெகிழ்ந்து, ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து வரிசையின் முதல் எழுத்தாயிற்று. ஆண்கள் சீனத்தில் அரசு ஆவணங்கள் எழுதிக்கொண்டிருந்த அரண்மனைச் சூழலில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் 'கெஞ்சியின் கதை' என்ற நாவலை எழுதியது இந்த எழுத்தில்தான். வியட்நாமியரின் வழி வேறு. மூன்று என்பதற்கான தங்கள் சொல்லான 'பா'வை எழுத, ஒலிக்கு ஒரு சீன எழுத்தையும் பொருளுக்கு மூன்று என்ற எழுத்தையும் ஒட்டவைத்து, எந்தச் சீனரும் படிக்க முடியாத புது எழுத்தை உண்டாக்கினார்கள்.

கொரியாவில் இது வெளிப்படையான சண்டையாகவே நடந்தது. மன்னர் செஜோங் 1443இல் 28 எழுத்துகளை வகுத்தார். 'க' ஒலிக்கான எழுத்து, நாவின் அடிப்பகுதி தொண்டையை அடைக்கும் வடிவம் என்று 1446ஆம் ஆண்டின் விளக்க நூலே சொல்கிறது. அரசவை அறிஞர் சோ மன்ரி 1444இல் அதை எதிர்த்து மனு கொடுத்தார். மங்கோலியர், ஜப்பானியர் போன்றோர்தான் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள், சீன வழியை விட்டு அவர்களோடு சேர்வதா என்பது அவர் வாதம். நீங்கள் சொல்லும் 'நகல்' என்பதை அவர் பெருமையாகவே ஏற்றிருப்பார். அவர் தரப்பும் எளிதில் தோற்கவில்லை. அரசு ஆவணங்களில் அந்த எழுத்து ஏற 1894 வரை ஆயிற்று.

பொது எழுத்தின் பயனையும் மறுக்கக் கூடாது. 1905இல் ஜப்பானுக்கு வந்த வியட்நாமியப் புரட்சியாளர் ஃபான் போய் சாவ், அங்கே அடைக்கலம் புகுந்திருந்த சீனச் சிந்தனையாளர் லியாங் சிச்சாவைச் சந்தித்தபோது, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததால் தூரிகையும் தாளுமாக உட்கார்ந்து எழுதி எழுதியே உரையாடினார்கள்.

அந்தக் காலத்தில்தான் சொற்கள் எதிர்த்திசையில் பயணப்பட்டன. மேற்கத்தியக் கருத்துகளுக்காக ஜப்பானியர் சீன எழுத்துகளை இணைத்து ஆக்கிய சொற்களைச் சீன மாணவர்கள் ஊருக்கு எடுத்துப்போனார்கள். ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே தத்துவத்துக்காக உருவாக்கிய 'தெத்சுகாகு'வின் அதே இரண்டு எழுத்துகளைத்தான் இன்று பெய்ஜிங்கில் 'ஜெஷுவே' என்று படிக்கிறார்கள்.