கம்பெனிகள் இணையும்போது போட்டிச் சட்ட வழக்கறிஞருக்கு என்ன வேலை?

இணைப்புப் பத்திரம் எழுதுவதுதான் அவர் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதற்கு வேறு வழக்கறிஞர்கள் உண்டு. இந்த இணைப்பால் சந்தையில் போட்டி கணிசமாகக் குறையுமா என்று பார்ப்பவர் இவர்.

முதலில் ‘சந்தை எது’ என்று வரையறுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விலை சற்று ஏறினால் கோழிக்கு மாறிவிடுவீர்களா? விலையேற்றம் லாபம் தராத அளவுக்குப் பலர் மாறினால், சட்டத்தின் பார்வையில் ஆடும் கோழியும் ஒரே சந்தை. அதைக் காட்ட விற்பனைக் கணக்கையும் கம்பெனியின் உள் மின்னஞ்சல்களையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். சட்டத்தோடு பொருளியலும் தெரிந்தால்தான் இது கைவரும்.

சிங்கப்பூரில் இணைப்பைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பது கட்டாயமில்லை. கம்பெனியே மதிப்பிட்டு முடிவெடுக்கலாம். அதனால்தான் ஆலோசனைக்கு இவ்வளவு மதிப்பு. 2018 மார்ச்சில் வாடகைக் கார் செயலி நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி நிறுவனமான கிராபிடம் கொடுத்து, கிராபில் 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சரி, என்ன ஆயிற்று? போட்டி கணிசமாகக் குறைந்துவிட்டது என்று, அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம். கூடவே, ஓட்டுநர்கள் வேறு நிறுவனங்களுக்கும் ஓட்டலாம் என்று கிராபுக்கு நிபந்தனை.