எலெக்ட்ரிக் டர்ட் பைக்கில் தண்ணீர் ஏறினால்: டெல்டா ஓட்டிகளின் கேள்விகளுக்குப் பதில்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். வரப்பிலும் படுகையிலும் எலெக்ட்ரிக் டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருவையாற்றிலிருந்து: அண்ணே, குடமுருட்டியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினேன். வீடு வரை நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் டிஸ்பிளே வருகிறது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி அசையவே இல்லை. கன்ட்ரோலர் போய்விட்டதா?

மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் மேல் அவ்வளவு சீக்கிரம் பழி போடாதீர்கள் தம்பி. டிஸ்பிளே வருகிறது என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. மோட்டாரை ஓடவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. முதல் சந்தேகம் பிரேக் லீவரில் இருக்கும் சுவிட்ச். அதற்குள் ஈரம் போனால் நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். லீவரைத் தொடாதபோதும் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்த சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கழற்றிய சுவிட்சை 'பிரேக் விட்டாயிற்று' என்றே கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், வண்டியைச் சட்டென்று நிறுத்தும் கில் சுவிட்ச் இரண்டையும் அதே கையோடு பாருங்கள்.

அதிலும் இல்லையென்றால் ஆக்சிலேட்டர். அதற்குள் இருப்பது காந்தத்தை உணரும் ஹால் சென்சார், அதிலிருந்து மூன்று வயர் வரும்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். கை வைக்காதபோது சிக்னல் 0.8 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மெல்ல முறுக்கினால் குதிக்காமல் சீராக ஏறி 4 வோல்ட் பக்கம் வந்து நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 1.5, 2 என்று காட்டினால் கனெக்டர் பின்களுக்கு நடுவே ஈரம் பாலம் போட்டிருக்கிறது. அந்த நிலையில் வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான் கன்ட்ரோலர் ஓட மறுக்கிறது. நல்லதைத்தான் செய்கிறது, திட்டாதீர்கள்.

அன்றைக்கே நிற்காமல் மறுநாள் நின்றது ஏன் என்றால், தண்ணீர் வயரின் தோலுக்கும் கம்பி இழைகளுக்கும் நடுவே ஊர்ந்துபோகும். ராத்திரி முழுக்க அதற்கு நேரம் இருந்திருக்கிறது.

பாபநாசத்திலிருந்து: என் வண்டி நகர்கிறது. ஆனால் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது.

இது மோட்டாரின் ஹால் சென்சார் வயராக இருக்கலாம், அல்லது மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று தடித்த பேஸ் வயர்களில் ஒன்றின் இணைப்பு கெட்டிருக்கலாம். சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மூன்று ஹால் சிக்னலையும் ஒவ்வொன்றாக அளங்கள். ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் முதலில் அதன் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: ஐபி67 என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் எப்படித் தண்ணீர் போகிறது?

ஐபி67 என்பது புதுப் பொருளை 1 மீட்டர் ஆழத்தில், அசையாத நல்ல தண்ணீரில் 30 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை. பாமணியாற்றில் நீங்கள் ஓட்டுவது அந்தச் சோதனையில் இல்லை. வேகமாக ஓட்டிக் கொதிக்கிற மோட்டாரைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், பாதிப் பிரச்சினை குறையும். இன்னொன்று, பேட்டரிப் பெட்டிக்குத் தந்த தரம் வண்டியில் உள்ள எல்லா கனெக்டருக்கும் பொருந்தாது. விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

வேதாரண்யத்திலிருந்து: உப்பளப் பாதையில் ஓட்டுகிறேன். கனெக்டரைத் திறந்தால் பச்சைப் பொடியாக இருக்கிறது.

உங்கள் ஊர்த் தண்ணீர் வேறு கணக்கு. வாய்க்கால் தண்ணீர் காய்ந்தால் வண்டல் மிஞ்சும், உப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பேட்டரி இணைப்பில் இருக்கும்போதெல்லாம் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் ஓட்டி வந்த அன்றே பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குவளையில் மொண்டு ஊற்றினாலே போதும். பச்சை பிடித்த பின்னைக் கான்டாக்ட் கிளீனர் போட்டுச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலில் மெல்லிசாகத் தடவுங்கள். சாதா வீல் கிரீஸ் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊதவைத்துவிடும். கனெக்டர் பின்னில் பாதி கரைந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே உப்புத் தண்ணீர் போயிருந்தால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். வைக்கோல் போர், கூரை, மாட்டுக்கொட்டகை எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் 50 அடியாவது தள்ளி வைத்துவிட்டு, கம்பெனி சர்வீசுக்குச் சொல்லுங்கள். 2022இல் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய எலெக்ட்ரிக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துத் தீப்பிடித்தன. லித்தியம் பேட்டரி சும்மா கிடக்கிறது என்று நம்ப முடியாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: நனைந்த கன்ட்ரோலரை அரிசி மூட்டைக்குள் வைத்தால் ஈரம் இழுக்குமா?

டெல்டாக்காரரே, அரிசியை உலையில் போடுங்கள். கன்ட்ரோலரை ஃபேன் காற்றில் ஓரிரு நாள் வையுங்கள், பிறகு சிலிக்கா ஜெல் கிடைத்தால் அதோடு போட்டு மூடி வையுங்கள். பஞ்சர் கடைக் காற்றைக் கிட்ட வைத்து அடித்தால் ஈரம் இன்னும் உள்ளேதான் போகும்.

கும்பகோணத்திலிருந்து: சேறு போக வாட்டர் சர்வீஸ் விடலாமா?

பிரஷர் தண்ணீர் வேண்டாம். ஆனால் சேற்றை அப்படியே விட்டுவிடவும் கூடாது. நம் களிமண் மோட்டார் மேலும் கன்ட்ரோலர் மேலும் காய்ந்து ஒட்டினால் சூடு வெளியேறாது, வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தண்ணீர் போன கோளாறு என்று எண்ணி அலைகிறவர்கள் உண்டு.

நாகப்பட்டினத்திலிருந்து: கன்ட்ரோலர் ஷார்ட், புதிதுதான் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள், கெபாசிட்டரில் நிற்கும் மின்சாரம் இறங்கட்டும். பிறகு மோட்டாரைச் சுற்றிப் பாருங்கள். மொரமொரவென்று தடுத்துத் தடுத்துச் சுற்றி, மூன்று பேஸ் வயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றியதும் லேசாகச் சுற்றினால் உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். மீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு பேஸுக்கும் பாசிட்டிவுக்கும், அப்புறம் நெகட்டிவுக்கும் இடையே இரு திசையிலும் அளந்தால் இன்னும் உறுதி. மூன்று பேஸும் ஒன்றுபோலக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் மெக்கானிக் சொன்னது சரி. மூன்றும் ஒத்திருந்தால், காசை எடுப்பதற்கு முன் கனெக்டர்களை எல்லாம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: மழை நாளில் சார்ஜ் போட்டால் வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது.

வண்டியில் மாட்டாமல் சார்ஜரை மட்டும் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஈரம் சார்ஜரிலோ பிளக் போர்டிலோ இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஈஎல்சிபியைத் தாண்டி நேரடி லைன் இழுத்துத் தருகிறேன் என்று எந்த எலெக்ட்ரீஷியன் சொன்னாலும் அவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.