தையல் கேள்வி – பதில்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: அடுத்த மாதம் தையல் வகுப்பில் சேரப்போகிறேன். கத்தரிக்கோல், டேப், நூல், ஊசி எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு 'தையல் கிட்' என்று விற்கிறார்களே, அது போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் போதாது. அதில் வரும் சின்னக் கத்தரி நூல் நறுக்கத்தான் ஆகும். தனித்தனியாக வாங்குங்கள், கையிருப்பில் பெரும்பங்கைத் துணிக் கத்தரிக்கு ஒதுக்குங்கள்.

9 அல்லது 10 அங்குலம், கைப்பிடி மேல்நோக்கி வளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் கீழ் அலகு மேசையோடு படிந்து போகும், துணி தூக்காது. துணி தூக்கினால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் வேறு வேறு அளவில் வெட்டுப்படும். கடைக்கு ஒரு துண்டு வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தித் துணியும், ஒரு துண்டு டூ பை டூ ரவிக்கைத் துணியும் கொண்டுபோய், இரண்டாக மடித்து, அலகின் அடியிலிருந்து நுனிவரை வெட்டிப் பாருங்கள். நுனியில் துணி அறுபடாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி மாட்டிக்கொண்டால் வைத்துவிட்டு வாருங்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல் நல்ல தேர்வு. மழுங்கினால் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம். அளவு வரையும் பிரவுன் பேப்பரை வெட்ட வேறொரு பழைய கத்தரி இருக்கட்டும். பால் கவர் வெட்ட வீட்டில் யாரும் துணிக் கத்தரியை எடுக்கவே கூடாது.

அடுத்து இஞ்ச் டேப், 60 அங்குலம். எவர்சில்வர் ஸ்கேல் பக்கத்தில் வைத்து, 12 அங்குலம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். பழைய டேப் நாளாக நாளாக நீண்டிருக்கும். இவற்றோடு மார்க்கிங் சாக், தையல் பிரிக்கும் கருவி, பிரவுன் பேப்பர் இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். ஆபீஸ் குண்டூசி மட்டும் வேண்டாம்: துருப்பிடித்தால் துணியில் கறை, பட்டில் குத்தினால் ஓட்டை. தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய பின்னையே வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவின் பழைய கறுப்பு மெஷினில் பழகுகிறேன். நூல் அடிக்கடி அறுகிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது. ஷட்டிலை (மேல் நூலை அடிநூலோடு பின்னும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: பொறுங்கள், முதலில் ஊசியை மாற்றுங்கள். மெஷினிலேயே மலிவான பாகம் அதுதான். இந்த இரண்டு தொல்லைக்கும் பெரும்பாலும் காரணமும் அதுதான். முனையை நகத்தின் மேல் லேசாக இழுங்கள். கீறல் விழுந்தால் முனை மடங்கிவிட்டது. ஊசித் தண்டின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் ஊசி வளைந்திருக்கிறது. வளைந்த ஊசி ஷட்டில் முனையை விட்டு விலகிப்போகும், ஷட்டிலுக்கு நூல் வளையம் சிக்காது. தையல் விடுவது அதனால்தான். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிவிடுவது நல்லது.

வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டு உள்ள ஊசி. கடைகளில் ஓடும் பவர் மெஷின் ஊசிக்குத் தண்டு முழுக்க உருண்டை. கடையில் தவறுதலாக ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் பழைய ஊசியைக் காட்டக் கொண்டுபோங்கள். புதியதை மாட்டும்போது மேலே முட்டும்வரை ஏற்றி ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஊசியில் நீளமான பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும்.

நம்பரும் துணிக்குப் பொருந்த வேண்டும். பட்டு, ஜார்ஜெட்டுக்கு 11; பருத்தி, டூ பை டூவுக்கு 14; ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. நூல் ஊசியின் காதில் தாராளமாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு முழ நூலில் ஊசியைக் கோர்த்து நூலைச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் காது சின்னது, நூல் தேய்ந்து அறும். கை ஊசியில் கணக்கு தலைகீழ்: அங்கே நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். எமிங்குக்கு (ஓரத்தை மடித்துக் கையால் தைப்பது) 8 அல்லது 9 கேளுங்கள்.

புது ஊசியிலும் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால், அடிநூல் சுற்றிய பாபினை நோண்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான். துணியை அழுத்தும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்கும்படி மறுபடி கோர்த்துப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லையென்றால் ஷட்டிலைப் பார்க்கலாம்.

கேள்வி: மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது. நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசினாகி, தூசியும் நூல் பஞ்சும் சேர்ந்து மெஷின் இறுகிவிடும். குளிர்காலத்தில் உறையவும் செய்யும். நிறமில்லாத தையல் மெஷின் ஆயிலை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கழிவுத்துணி ஒன்றில் சற்று நேரம் ஓட்டுங்கள், மிஞ்சிய எண்ணெய் அதில் இறங்கிவிடும்.

கேள்வி: பட்டு ரவிக்கைத் துணியில் சாக் கோடு, அயர்ன் செய்ததும் எண்ணெய்க் கறை போல நின்றுவிட்டது. ஏன்?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: நீங்கள் வாங்கியது மெழுகு சாக். சூட்டில் உருகித் துணிக்குள் இறங்கிவிட்டது. பட்டுக்குத் தூள் உதிரும் சாக்கையே வாங்கி, துணியின் உள்பக்கத்தில், தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் கோடு போடுங்கள். எந்தச் சாக்காக இருந்தாலும் முதலில் வெட்டுத் துண்டில் கோடு போட்டு அயர்ன் வைத்துப் பாருங்கள்.