மளிகைக் கடையைப் பத்தி கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன் – சுங்கை சிப்புட்டிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். நான் முதல்ல மலேசியாவுல, ஈப்போவில ஒரு மொத்த வியாபாரிகிட்ட லாரி சேல்ஸ்மேனா இருந்தேன், 17 வருஷம், சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் நான் சரக்கு போடாத தமிழர் கடையே கெடையாது. 2009ல இங்க டௌன்லயே சொந்தமா ஒரு மளிகைக் கடை போட்டேன், கூடவே ஒரு சின்ன மாவு மில்லும் வச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது. நான் சரக்கு போட்ட கடைங்கள்ல பாதிக்கு மேல இப்ப இல்ல. ஏன் மூடுறாங்க, ஆன்லைன் வந்ததாலயா, என்ன பண்ணலாம்னு நெறைய பேர் கேக்கறீங்க. இன்னிக்கு ராத்திரி கடைய மூடிட்டு உக்காந்து எல்லாருக்கும் பதில் போடுறேன்.

தாமான் வீட்டு அக்கா ஒருத்தர்: தம்பி, கோவிச்சுக்காதீங்க. அதே பிஸ்கட், அதே மைலோ, பெரிய கடையில கம்மியா கெடைக்குது, போன்ல இன்னும் கம்மி. உங்க கடையில மட்டும் ஏன் வெல கூட?

கோவமே இல்லக்கா, நியாயமான கேள்வி. பெரிய கடை நேரா ஃபேக்டரியில லோடு லோடா எடுக்குது, அதுக்கு தனி டிஸ்கவுண்ட், பணம் கட்ட ஒரு மாசம் ரெண்டு மாசம் தவணை. எனக்கு சரக்கு வர்றதுக்குள்ள நடுவுல ரெண்டு கை மாறிடும், லாரி வந்து நின்னா கையில ரொக்கம் கொடுக்கணும். சில நாள் பெரிய கடை ஆஃபர் வெலய பாத்தா எனக்கு லாரியில வர்ற வெலயவிட கம்மியா இருக்கும், நானே போயி அங்க வாங்கி என் கடையில அடுக்கியிருக்கேன்.

இதுல இன்னொன்னு, சீனி கிலோ 2.85 வெள்ளி (ரிங்கிட்), பாக்கெட் எண்ணெய் 2.50, இதெல்லாம் அரசாங்கம் வச்ச வெல, 1961ஆம் வருஷத்து விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் கீழ லைசென்ஸ் வச்சுத்தான் விக்கணும், நான் அஞ்சு காசு கூட்டி வித்தாலும் தப்பு. அதுல வர்ற லாபம் பிளாஸ்டிக் பைக்கும் கரண்டுக்குமே சரியாப் போயிடும். அப்ப எங்க சம்பாதிக்கறோம்னா நீங்க சொல்ற அந்த பிஸ்கட், மைலோ, சவர்க்காரம், அதுலதான். அத நீங்க வெளிய வாங்கிட்டு சீனிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் நம்ம கடைக்கு வந்தா கடை ஓடுற மாதிரி தெரியும், உள்ள ஒன்னும் நிக்காது.

யூனிவர்சிட்டி தம்பி: அண்ணே, அசைன்மெண்ட் ஒன்னு எழுதறேன். ஷோப்பி, லசாடா மாதிரி ஆன்லைன் கடைங்கதான் காரணம்னு எழுதலாமா?

அப்படி மட்டும் எழுதாதீங்க தம்பி, வரிசை தப்பாப் போயிடும். லசாடா 2012ல வந்துச்சு, ஷோப்பி 2015, டிக்டாக் ஷாப் 2022. ஆனா நம்ம கடைங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆட ஆரம்பிச்சிருச்சு.

முதல் அடி தோட்டம் காலியானது. டோவன்பி, ஹீவுட், கமுனிங்னு சுத்தி ரப்பர் தோட்டம் இருந்துச்சு, லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, குடும்பம் குடும்பமா சனம், சம்பளத்தன்னிக்கு டௌன்ல நடக்க எடம் இருக்காது. சுதந்திரம் கெடச்ச காலத்துலயே வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டுப் போனான், அதத் தடுக்கத்தான் நம்ம ஊர்ல பொறந்து மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு ஆளுக்கு பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டம் வாங்கினாரு. அப்பறம் ரப்பர் போயி செம்பனை, அதாவது பாமாயில் மரம், வந்துச்சு. ரப்பர் தினமும் வெட்டணும், செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேணாம், புள்ளைங்க ஈப்போ, பினாங்கு, கிள்ளான்னு வேலைக்குப் போயிட்டாங்க. சனம் போனா கடை எப்படி நிக்கும்?

ரெண்டாவது அடி மினி மார்க்கெட். இங்க ஒன்னு கவனிங்க, 99 ஸ்பீட்மார்ட்டுங்கற மினி மார்க்கெட்ட ஆரம்பிச்சவரு 1987ல கிள்ளான்ல ஒரு சின்ன மளிகைக் கடைதான் வச்சாரு, போலியோ வந்து கால் நடக்க முடியாதவரு, 2024 செப்டம்பர்ல அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்துருச்சு. எக்கோ ஷாப்பும் அப்படித்தான், ஜொகூர்ல ஜெமெந்தாங்கற நம்ம ஊர் மாதிரி ஒரு சின்ன டௌன்ல 2003ல தொடங்கினது. சின்னக் கடையா இருந்து வளந்தவங்க இருக்காங்க, நம்ம ஆளுங்க ஏன் ரெண்டாவது கடை மூணாவது கடைன்னு போகலன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். என் கண்ணுக்குத் தெரிஞ்ச காரணம், நம்ம பணம் பூரா சனத்துகிட்ட பாக்கியா நின்னுச்சு, கீழ ஒரு தங்கச்சிக்கு எழுதற பதில்ல அத விவரமா சொல்றேன்.

ஆன்லைன் மூணாவது அடி. ஏற்கனவே தள்ளாடி நிக்கறவன் மேல விழுந்த அடி, அதனாலதான் சத்தம் பெருசாக் கேக்குது.

ஜவுளிக்கடை தங்கச்சி: தீபாவளிக்கு வந்து சேலைய விரிச்சுப் பாக்கறாங்க, தொட்டுப் பாக்கறாங்க, போட்டோ எடுத்துட்டுப் போயி ஆன்லைன்ல ஆர்டர் போடுறாங்க. மனசு ஒடஞ்சு போச்சுண்ணே.

தெரியும்மா, உங்க மாதிரி ரெண்டு பேர் என்கிட்டயே வந்து அழுதிருக்காங்க. வெளிநாட்டுலேர்ந்து ஆன்லைன்ல வர்ற 500 வெள்ளிக்கு கீழ்ப்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1லேர்ந்து 10% வரி போட்டாங்க, அதுக்கு முன்னாடி அந்த வரி கூட கெடையாது, நீங்க மட்டும் எல்லாத்தையும் கட்டிட்டு போட்டி போட்டீங்க. இப்ப கொஞ்சம் சமம், முழுசா இல்ல.

சேலை வெலயில நீங்க ஜெயிக்க முடியாது, அத விட்டுருங்க. ரவிக்கை தச்சுக் கொடுங்க. ஃபால்ஸ் அடிச்சு, அளவு எடுத்து, அஞ்சு நாள்ல ரெடின்னு சொன்னா ஆன்லைன்ல சேல வாங்கினவளே உங்ககிட்டதான் வருவா, அவள திட்டாம உள்ள கூப்பிடுங்க. தச்ச ரவிக்கைய வாங்க வர்றப்ப வளையல், பாவாடை, புள்ளைக்கு ஒரு ஜிப்பான்னு ஏதாவது எடுக்காம போக மாட்டா.

பேர் சொல்ல விரும்பாத தங்கச்சி: ஒரு அண்ணன் கடையில 380 வெள்ளி பாக்கி இருக்கு. வீட்டுக்காரருக்கு வேலை போனப்ப எடுத்தது. இப்ப வேலை இருக்கு, ஆனா வெக்கத்துல அந்த ரோட்டுப் பக்கமே போறதில்ல, எல்லாத்தையும் போன்லயே வாங்கிக்கறேன். இத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.

சொன்னதுக்கு நன்றிம்மா. இன்னிக்கு வந்த கேள்வியில இதுதான் எனக்கு பெருசு, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன்.

555 புத்தகம் எல்லாருக்கும் தெரியும், அட்டையில 555ன்னு போட்ட சின்ன நோட்டு, மலாய்க்காரங்க பூக்கு தீகா லீமாம்பாங்க. தோட்டத்துக் காலத்துலேர்ந்து நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்சது அந்த நோட்டாலதான். மாசம் பூரா சாமான் எடுப்பாங்க, சம்பளம் போட்ட அன்னிக்கு வந்து கட்டுவாங்க, கட்டின கையோட அடுத்த மாச சாமானும் எங்ககிட்டதான். கடன் ஒரு பக்கம், ரொக்கம் ஒரு பக்கம், ரெண்டும் ஒரே கடைக்குள்ள சுத்திச்சு, அதனால எங்களுக்கும் தாங்க முடிஞ்சுச்சு.

இப்ப என்ன ஆச்சுன்னா ரொக்கம் வெளிய போகுது, கடன் மட்டும் எங்ககிட்ட நிக்குது. சம்பளம் போட்டவொடனே பெரிய கடைக்கும் போனுக்கும் போயிடுது, இருபதாம் தேதிக்கு மேல கை காஞ்சதும் நம்ம கடை ஞாபகம் வருது. லாரிக்காரன் என்கிட்ட 555 புத்தகம் வச்சுக்க மாட்டான், அவனுக்கு ரொக்கம். என் கண்ணு முன்னாடி மூடின கடைங்கள்ல முக்கால்வாசி சரக்கு விக்காம மூடல, வித்த காசு கைக்கு வராம மூடினாங்க. ஒருத்தர் மூடறப்ப அவர் மேசையில இருந்த புத்தகங்கள நான் கண்ணால பாத்தேன், ரப்பர் பேண்டு போட்டு கட்டுக் கட்டா. எவ்வளவுண்ணேன்னு கேட்டேன், கூட்டிப் பாக்க தைரியம் இல்லடான்னாரு.

2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சே, பத்து கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு. அந்த மாசங்கள்ல இந்த ஊர்ல அத்தன பேரும் எங்க கடைக்குத்தான் வந்தாங்க, வேலை இல்லாதவங்களுக்கு நான் கணக்குப் பாக்காம எழுதிக் கொடுத்தேன், அதுக்கு இன்னிக்கும் வருத்தப்படல. ஆனா ரோடு தொறந்ததும் அவங்கள்ல பாதி பேர் திரும்ப வரல. பணம் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து வருஷமா தெரிஞ்ச முகம் என்னப் பாத்து எதுத்த வாடைக்கு மாறிப் போகுது பாருங்க, அதுதான் தூங்க விடல.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, அந்த அண்ணனுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க. முழுசாக் கட்டுறேன்னு சொல்ல வேணாம், வாரம் 20 வெள்ளின்னு சொல்லுங்க, 19 வாரத்துல முடிஞ்சுது. கொடுக்கப் போறப்ப வெங்காயம் ஒரு கிலோ ரொக்கத்துல வாங்குங்க. நான் ஒரு கடைக்காரனா சொல்றேன், அந்த வெங்காயக் காசு அவருக்கு அந்த 20 வெள்ளியவிட பெருசாத் தெரியும், ஏன்னா நீங்க திரும்பி வந்துட்டீங்க.

இன்னொன்னு. போன்ல இப்ப வாங்கு, அப்பறம் கட்டலாம்னு தவணை கொடுக்கறாங்களே, அதுவும் ஒரு 555 புத்தகம்தான், ஆனா அதுல அண்ணே இந்த மாசம் கஷ்டம்னு சொல்ல முடியாது, லேட்டானா சார்ஜ் ஏறும். இந்த மாதிரி தவணைய ஒழுங்குபடுத்தத்தான் 2025ல நாடாளுமன்றத்துல பயனீட்டாளர் கடன் சட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்குள்ள ரொம்ப போயிடாதீங்கம்மா.

மளிகைக்காரர் ஒருத்தர், பாகான் செராய்: அப்ப வராத பாக்கிய எப்படிங்க வசூல் பண்றது?

5,000 வெள்ளிக்குள்ளன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல சின்ன வழக்குன்னு தனியா இருக்கு, வக்கீல் வேணாம், நீங்களே போட்டுக்கலாம். பாக்கி விழுந்து ஆறு வருஷம் தாண்டக்கூடாது. அதுக்கு ஆதாரம் வேணும், அதனால புத்தகத்துல தேதி போட்டு எடுத்தவங்க கையெழுத்தும் வாங்குங்க. நான் இதுவரைக்கும் யார் மேலயும் போட்டதில்ல, ஆனா 2022லேர்ந்து வீட்டுக்கு 150 வெள்ளிக்கு மேல எழுதறதில்லன்னு வச்சுட்டேன், முதல் மாசம் நாலு பேர் கோவிச்சுட்டுப் போனாங்க, மூணு பேர் வந்துட்டாங்க.

தம்பி ஒருத்தர்: அப்பா கடைய நான் எடுக்கப் போறேன். டிக்டாக்ல லைவ் போட்டு விக்கலாமா?

விக்கலாம், ஆனா எத விக்கப் போறீங்கங்கறதுதான் கணக்கு. அரிசி, எண்ணெய் வேணாம், எடைக்கு கூரியர் காசே லாபத்த தின்னுரும், அதுக்கு மேல ஆப்காரனுக்கு கமிஷன், இலவச டெலிவரி ஆஃபர்ல சேந்தா அதுக்கும் ஒரு வெட்டு. அப்பா கையில வேற யார்கிட்டயும் இல்லாத ஒன்னு இருந்தா அத எடுங்க. எங்க மில்லுல அரைக்கற மிளகாய்த்தூள், மீன் கறித்தூள் அப்படித்தான், ஜொகூர் பாருவுக்குக் கல்யாணமாகிப் போன பொண்ணு அம்மா வீட்டு வாசன வேணும்னு கேக்குது, அது எந்தப் பெரிய கடையிலயும் கெடைக்காது. பாக்கெட்ல பேரு, சேர்மானம், எடை, உங்க விலாசம் எல்லாம் 1985ஆம் வருஷத்து உணவு விதிப்படி போடணும், அதுல சோம்பல் படாதீங்க. முதல் ஆறு மாசம் கடைய தொறந்து வச்சுகிட்டே செய்ங்க, கடைய மூடிட்டு டிக்டாக்க மட்டும் நம்பி எறங்காதீங்க.

அக்கா, கோலகங்சார்: அரசாங்கம் கொடுத்த சாரா உதவிப் பணம் 100 வெள்ளி எல்லாம் பெரிய கடைக்கே போயிடுச்சே?

2025 ஆகஸ்ட் 31லேர்ந்து 18 வயசு ஆன எல்லா குடிமக்களுக்கும் மைகார்டுல (அடையாள அட்டையில) 100 வெள்ளி போட்டாங்க. பதிஞ்ச கடையில மட்டும்தான் செல்லும். சின்னக் கடையும் பதியலாம்க்கா, நம்ம ஆளுங்க நெறைய பேர் ஃபாரத்தப் பாத்து பயந்து விட்டுட்டாங்க. ஒரு வீட்டுல நாலு பேருன்னா 400 வெள்ளி, அதுவும் அரிசி, முட்டை, சவர்க்காரம்னு நாம விக்கற சாமானுக்கே. அந்தப் பணம் நம்ம வாசலத் தாண்டிப் போனதப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. உங்க ஊர்ல யாராவது படிச்ச புள்ள இருந்தா பக்கத்துல உக்காந்து கடைக்காரருக்குப் பதிஞ்சு கொடுங்க.

வரித் துறைக்கு ஆன்லைன்ல பில் அனுப்பற இ-இன்வாய்ஸ் சின்னக் கடைக்கும் உண்டா?

வருஷ வியாபாரம் பத்து லட்சம் வெள்ளிக்கு கீழன்னா வேணாம், 2025 டிசம்பர்ல அந்த அளவ அஞ்சு லட்சத்துலேர்ந்து ஏத்திட்டாங்க.

ஆன்லைன்ல வாங்கி ஏமாந்துட்டேன், பணம் திரும்பக் கெடைக்குமா?

முதல்ல ஆப்லயே புகார் போடுங்க. முடியலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 50,000 வெள்ளி வரைக்கும், பதிய 5 வெள்ளிதான். ரசீது, பேசின மெசேஜ் எல்லாத்தையும் படம் புடிச்சு வச்சுக்கோங்க.

பழைய வாடிக்கையாளர்: அண்ணே, கடை வாசல்ல பேப்பர் தொங்குமே, இப்ப ஏன் கூட்டமே இல்ல?

தமிழ் நேசன் 1924ல ஆரம்பிச்சது, 2019 ஜனவரியோட நின்னு போச்சு. ஒரு பேப்பர்ல எனக்குக் கெடைக்கறது சில்லறைக் காசு, ஆனா காலையில அதுக்காக வந்தவங்க ஒரு ரொட்டி, ஒரு பாக்கெட் காப்பித்தூள்னு எடுப்பாங்க, யார் வீட்டுல சாவு, யார் வீட்டுல கல்யாணம்னு அங்கதான் தெரியும். மத்த பேப்பர் இன்னும் வருது, நாலு எடுத்து வைக்கறேன், சில நாள் ரெண்டு திரும்பிப் போகுது.

ஷா ஆலாம்ல வேலை பாக்கற பொண்ணு: அம்மா இன்னும் தோட்டத்துலதான் இருக்காங்க, தனியா. நான் இங்கேர்ந்து போன்ல சாமான் ஆர்டர் போட்டா பார்சல்காரர் தோட்டத்து வாசல்ல காவலாளி வீட்டோட வச்சுட்டுப் போயிடறாரு, அம்மாவால தூக்கிட்டு வர முடியல. என்ன செய்யறது?

அந்தப் பக்கத்துக்கு என் மவன் செவ்வாயும் வெள்ளியும் மோட்டார்ல போறாம்மா, 30 வெள்ளிக்கு மேலன்னா டெலிவரி காசு இல்ல. நீங்க லிஸ்ட்ட வாட்சப்ல அனுப்புங்க, டூயிட்நவ்ல, அதாவது போன்லயே பேங்க் மூலமா, பணம் போட்டுருங்க, அரிசி மூட்டைய அடுப்படி வரைக்கும் வச்சுட்டு வருவான், கேஸ் தீந்துச்சான்னும் பாத்துட்டு வரச் சொல்றேன். அம்மாவுக்கு வெத்தல போடற பழக்கம் இருந்தா அதையும் எழுதுங்க, வெள்ளிக்கெழம காலையில புதுசா வரும்.